ஸ்பிளெண்டருக்குப் பின் ஷாக் மாற்றுவது: கேஸ் ஷாக்கா, ஹெவி ஸ்பிரிங்கா?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம், எட்டு வருடம் ஓடிய ஸ்பிளெண்டர் பிளஸ். தினமும் தனியாகக் கூத்தாநல்லூர் வழியாகத் திருவாரூருக்கு வேலைக்கு. சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மனைவியும் ஏழு வயதுப் பையனும் பின்னால். நடவு சமயத்தில் உர மூட்டை. ஒவ்வொரு மதகு ஏறி இறங்கும்போதும் பின்னால் 'டொம்' என்று அடி தட்டுகிறது, மனைவிக்கு இடுப்பு வலி. மெக்கானிக் பல்சரின் கேஸ் ஷாக்கைப் போடச் சொல்கிறார். ஸ்பேர்ஸ் கடைக்காரர் தடித்த கம்பி போட்ட 'ஹெவி' ஷாக்கை எடுத்துக் காட்டுகிறார். இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம் என்பது என் பதில். வண்டியோடு வந்த அதே அளவில், நல்ல தயாரிப்பில் புது ஜோடி ஒன்று வாங்குங்கள். அதோடு ஷாக் மாட்டும் இடத்து ரப்பர் உருளைகளான புஷ்களையும் பார்த்து மாற்றுங்கள். உங்கள் தொல்லையில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். வாரத்தில் நாலைந்து நாள் மூட்டை ஏற்றுகிறவராக இருந்தால் ஹெவி ஸ்பிரிங் பற்றிப் பேசலாம். நீங்கள் அப்படி இல்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. 'ஷாக் போயிடுச்சு' என்று ஒரே வார்த்தையில் நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் நாலு தனித்தனிப் பழுதுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஷாக் என்பது இரண்டு சாமான்களை ஒன்றாகக் கோத்தது. வெளியே தெரியும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் குழாயில் ஆயிலும், ஓட்டை போட்ட பிஸ்டனும், அதைப் பிடித்த ராடும் உண்டு. இந்தப் பகுதி எடையைத் தாங்குவதே இல்லை. ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. ஸ்பிரிங் அமுங்கினால் வாங்கிய சக்தியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஆயில் சின்ன ஓட்டைகள் வழியாக நெருக்கிப் பாயும்போது அந்தச் சக்தி சூடாக மாறி வெளியே போகிறது. அமுங்கும்போது கொஞ்சமாகவும், மேலே எழும்பும்போது அதிகமாகவும் பிடித்து நிறுத்தும்படி அதைச் செய்திருப்பார்கள். எழும்பும்போது பிடிக்காவிட்டால் பின்னால் உட்கார்ந்தவரைத் தூக்கிப் போடும். எட்டு வருட ஷாக்கில் பெரும்பாலும் செத்துப்போயிருப்பது இந்தப் பகுதிதான்.

ஸ்பிரிங் அவ்வளவு சீக்கிரம் சாகாது. 'ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு' என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் பழைய ஸ்பிரிங்கின் நீளம் சில மில்லிமீட்டர் குறைந்திருக்கும், விறைப்பு ஏறத்தாழ அப்படியே இருக்கும். விறைப்பைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, இரும்பின் தன்மை. துரு அரித்தாலொழிய இவை எதுவும் ஓடி ஓடித் தேய்வதில்லை. ஆகவே உட்கார்ந்துபோன உயரத்தைக் ஸ்பிரிங்கின் அடியில் திருப்பும் வளையமாக இருக்கும் ஐந்து படி அட்ஜஸ்டரை ஒரு படி ஏற்றியே ஓரளவு மீட்கலாம். செத்த ஆயில் பகுதியை எந்த அட்ஜஸ்டரும் மீட்காது.

இப்போது நம் ஊர்ச் சாலைக்கு வருவோம். மேட்டுப்பாங்கான ஊர்களில் இருக்கும் பள்ளம் மேடும் டெல்டாவில் இருப்பதும் ஒன்றல்ல. இங்கே சாலை வாய்க்காலைக் கடந்துகொண்டே இருக்கும். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறுகள், அவற்றிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதகோ சின்னப் பாலமோ இருக்கிறது. மதகு அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது, அதனால் இறங்காது. அதன் இரண்டு பக்கமும் கொட்டி நிரப்பிய மண் வருடா வருடம் உள்வாங்கும். போதாததற்கு நம் களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஜூன் 12 மேட்டூர் திறந்து ஜனவரி 28 மூடும் கணக்கில், வருடத்தில் பாதிக்கு மேல் சாலையோரம் ஊறிக்கொண்டும் மீதி நாள் காய்ந்துகொண்டும் இருக்கிறது. தார் மட்டம் எப்படி நிற்கும்? மதகு மட்டும் ஒரு படிக்கட்டு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. நடவுக்குச் சேறு உழும் காலத்தில் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் போட்ட டிராக்டர் தாரில் ஏறி இறங்கிப் போட்ட பல் அடையாளம் வேறு.

படிக்கட்டில் வண்டி செய்வது என்ன என்று பாருங்கள். ஏறும்போது பின் சக்கரம் மேலே தள்ளப்பட்டு ஷாக் அமுங்குகிறது. மதகின் மேல் இரண்டு மூன்று மீட்டர் சமதளம். அந்தச் சின்ன நேரத்தில் ஷாக் எழும்பி அடங்கிவிட வேண்டும். அடுத்து இறக்கம், சக்கரம் கீழே விழுந்து மறுபடி அமுங்குகிறது. ஆயில் பகுதி நன்றாக இருந்தால் முதல் ஆட்டம் முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கும். ஆயில் போன ஷாக்கில் முதல் ஆட்டம் ஓயவில்லை. வண்டி மேலே எகிறிக்கொண்டிருக்கும்போதே சாலை கீழே இறங்கிவிடுகிறது, பிறகு மொத்த எடையும் ஒரே அடியாக உட்காருகிறது. 'டொம்' என்று நீங்கள் கேட்பது இதைத்தான். ஏறும் பக்கத்தில் தட்டுகிறதா, இறங்கிய பிறகு தட்டுகிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். இறங்கிய பிறகு என்றால் ஏறக்குறைய நிச்சயமாக ஆயில் பகுதிதான். இதற்குப் போய் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் எகிறல் இன்னும் கூடும்.

பின் சீட்டில் இருப்பவர் ஏறக்குறைய பின் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுகிறவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், பாதி ஆட்டத்தில் இருக்கிறார், ஹேண்டிலைப் பிடித்திருக்கிறார், மதகு வருவதையும் பார்க்கிறார். ஒரு பக்கமாக உட்கார்ந்து வரும் பெண்களுக்கு இந்த மூன்றில் எதுவும் இல்லை. உங்களுக்கு 'பரவாயில்லை' என்று படுகிற வண்டி அவருக்கு இடுப்பை ஒடிக்கும். ஷாக் எப்படி இருக்கிறது என்று அறிய ஒரு நாள் நீங்கள் பின்னால் உட்கார்ந்து அதே சாலையில் போய்ப் பாருங்கள்.

காசு செலவழிக்கும் முன் வீட்டிலேயே பார்த்துவிடக்கூடிய சோதனைகள் உண்டு. முதலில் டயர் காற்று. டயர்தான் முதல் ஸ்பிரிங். செயின் கவரிலோ மேனுவலிலோ தனியாகப் போனால் எவ்வளவு, ஆள் ஏற்றினால் எவ்வளவு என்று இரண்டு அளவு இருக்கும். பின் டயருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய. காற்றுப் பிடிக்கிற இடத்தில் யாரும் கேட்பதில்லை, எல்லா வண்டிக்கும் ஒரே அளவை அடித்து அனுப்பிவிடுகிறார்கள். மூன்று பேருக்கான காற்றோடு தனியாகப் போனால் கல் மேல் போவது போல இருக்கும். அப்போது ஷாக்கைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து புஷ். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் லேசாக அசையுங்கள். ஸ்பிரிங் அமுங்கத் தொடங்கும் முன்பே 'டக் டக்' என்று ஓர் ஆட்டம் தெரிந்தால் ஷாக்கை மாட்டும் வளையங்களான மேல் கண் அல்லது கீழ்க் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ் போய்விட்டது. சின்னக் கல்லில் ஏறினாலே கேட்கும் உலோகச் சத்தம் இதனால்தான். பிறகு பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கவையான ஸ்விங் ஆர்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங் ஆட்டமும் சேர்ந்து வந்து குழப்பும், அதனால் ஆர்மையே பிடியுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் வளைவில் வண்டி வால் ஆட்டும். ஆற்றங்கரைச் சாலையில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், தடுப்புச் சுவர் கிடையாது. இதை அலட்சியமாக விடாதீர்கள்.

ஆயில் பகுதிக்குச் சோதனை எளிது. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஒருவர் முன்னால் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, நீங்கள் பின் சீட்டைப் பலமாக அமுக்கிச் சட்டென்று கையை எடுங்கள். மேலே வந்து ஒரு சின்ன அசைவோடு நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை துள்ளினால் ஆயில் பகுதி முடிந்தது. ஷாக்கின் அடிக்குழாயில் விரலை வைத்துப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் பசை மட்டும் இருந்தால் கவலை இல்லை. மண் அப்பிய கறுப்புக் களிம்பாக வழிந்திருந்தால் சீல் போய் ஆயில் வெளியே வந்திருக்கிறது. சில சமயம் வழிந்த ஆயில் காய்ந்து, மழையில் கழுவப்பட்டு, பார்க்கச் சுத்தமாக இருக்கும். அதனால் 'லீக் இல்லையே' என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அமுக்கிப் பார்ப்பதே சாட்சி.

கடைசியாக ஓர் அளவு. சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போது, அச்சு நட்டிலிருந்து நேர் மேலே பாடியில் ஓர் இடம் வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, நீங்கள் வழக்கம்போல உட்கார்ந்து, வேறொருவரை அதே அளவை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் எடைக்கு வண்டி எவ்வளவு உட்காருகிறது என்பது. மொத்த ஓட்டத்தில், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய முழுத் தூரத்தில், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் சரி. இந்த வகை வண்டிகளில் பின் சக்கரத்தின் மொத்த ஓட்டம் பெரும்பாலும் 80 முதல் 110 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 90 என்று வைத்துக்கொண்டால் தனியாக உட்காரும்போது 22 முதல் 30 மில்லிமீட்டர் இறங்கலாம். குடும்பத்தோடு உட்கார்ந்து அளந்து, பாதிக்கு மேல் இறங்கினால் அட்ஜஸ்டரை ஏற்றுங்கள். ஐந்தாவது படியிலும் பாதிக்கு மேல் இறங்கினால் மட்டுமே ஸ்பிரிங் போதவில்லை என்று பேசலாம்.

அந்த அட்ஜஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள்தான் ஊரில் அதிகம். வண்டியின் டூல் கிட்டில் கொக்கி மாதிரி ஒரு ஸ்பேனர் இருந்திருக்கும். இல்லாவிட்டால் கடையில் சி ஸ்பேனர் என்று கேளுங்கள். படியை ஏற்றினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்று நினைப்பது தவறு. அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். பின்பக்கம் உயரும், அடி தட்டும் தூரம் கூடும். தனியாகப் போகும்போது முதல் அல்லது இரண்டாவது படி, குடும்பத்தோடு என்றால் நாலாவது. இரண்டு பக்கமும் ஒரே படி. மனைவி இடது பக்கமாகக் கால் போட்டு உட்காருகிறார் என்று இடது ஷாக்கை மட்டும் ஏற்றி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஸ்விங் ஆர்மை முறுக்கத்தான் உதவும். சேற்றில் ஓடும் வண்டியில் இந்த அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிவிடும். கழுவி, காயவிட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவி, அடிக்கடி ஒரு தடவை திருப்பி வைத்தால் வேண்டும்போது திரும்பும்.

இனி உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகள்.

கேஸ் ஷாக். பெயர் பெரியது, வேலை குறிப்பிட்ட ஒன்று. ஷாக் விடாமல் வேகமாக வேலை செய்யும்போது ஆயில் சூடாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து நுரைக்கும். நுரை ஓட்டை வழியாகச் சுலபமாகப் போய்விடும், அடக்கும் சக்தி குறையும். நைட்ரஜனை அழுத்தத்தில் அடைத்து வைத்தால் நுரை பிடிப்பது குறையும். நெடுந்தூரம், மோசமான சாலை, வேகம் என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் இதன் அருமை தெரியும். கிராமச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு ஷாக் அவ்வளவு சூடாகும் சந்தர்ப்பம் குறைவு. பஜாஜ் தன் பல்சரில் 'நைட்ராக்ஸ்' என்று கொடுத்தது அந்த வண்டியின் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்றது. பல்சர் 150 உங்கள் வண்டியைவிட 30 கிலோவுக்கு மேல் கனம். அதற்கு ஏற்ற ஸ்பிரிங் உங்களுக்குத் தனியாகப் போகும்போது விறைப்பாக இருக்கும்.

நீளமும் ஒரு சிக்கல். இரண்டு கண்களின் நடுப்புள்ளிக்கு இடையே உள்ள தூரமே ஷாக்கின் அளவு. அது பழையதோடு ஒத்துப்போக வேண்டும். சாய்ந்து நிற்கும் ஷாக்கில் 10 மில்லிமீட்டர் கூடினால் பின்பக்கம் அதைவிடச் சற்று அதிகமாகவே உயரும். அப்படி உயர்ந்தால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான முன் போர்க் நிமிர்ந்து ஹேண்டில் பதற்றமாகும், சைடு ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும், சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தரையைத் தொடும், ஹெட்லைட் தரையைப் பார்க்கும், செயின் ஓடும் கோணமும் மாறும். 'கொஞ்சம் ஹைட்டா இருந்தா கெத்துதான்' என்று சொல்லும் பையன்களுக்கு இது பொருட்டில்லை. சேறு படிந்த கரையில் குழந்தையோடு காலூன்றி நிற்க வேண்டிய உங்களுக்குப் பொருட்டு. கண்ணின் துளை அளவு பொருந்தாமல் வாஷர் போட்டு, புஷ்ஷைக் கடைந்து மாட்டுவது அதைவிட மோசம்.

கடைகளில் தொங்கும் மலிவு விலை 'கேஸ் ஷாக்'குகளில் பக்கத்தில் ஒட்டிய அந்தத் தங்க நிற உருளை பல சமயம் வெறும் அலங்காரம். உள்ளே கேஸும் இல்லை, குழாயோடு தொடர்பும் இல்லை. ஜோடியை வாங்கும் முன் கீழே நிறுத்தி இரண்டையும் உடல் எடையால் அமுக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் எழும்பவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஹெவி ஸ்பிரிங். இங்கே ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 7 மில்லிமீட்டர் கம்பியை 7.5 ஆக்கினால், மற்ற எல்லாம் அப்படியே இருக்க, விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். அந்த விறைப்பை அடக்க ஆயில் பகுதிக்கும் அதற்கேற்ற பிடி வேண்டும். கடையில் கிடைக்கும் ஹெவி ஷாக்குகளில் பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங் மட்டும் தடித்திருக்கும், உள்ளே இருப்பது அதே பழைய குழாய். மூட்டை இருக்கும்போது அருமையாகப் போகும். மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்பக்கம் துள்ளும், பின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் தரையை விட்டு எழும்பிச் சறுக்கும். நீங்கள் வாரத்தில் ஐந்து நாள் காலியாகத்தானே போகிறீர்கள்.

மூட்டை என்றதும் எடையையும் பேசிவிடலாம். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ, டிஏபி 50. மேனுவலில் வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று போட்டிருக்கும். 100 சிசி வண்டிகளில் அது பொதுவாக ஓட்டுகிறவரையும் சேர்த்து 130 கிலோ அளவுதான். நீங்கள் 70 கிலோ என்றால் ஒரு மூட்டையோடு கணக்கு முடிகிறது. இரண்டாவது மூட்டை ஏறினால் ஷாக் மட்டும் சுமக்கவில்லை. ரிம், ஸ்போக்ஸ், ஸ்விங் ஆர்ம், பின் பிரேக் எல்லாம் சேர்ந்து சுமக்கின்றன. ஷாக்கை ஹெவியாக்கினால் அந்த இடி நேராகச் சேஸியில் ஷாக் மாட்டியிருக்கும் காதுக்குப் போகும். அந்தக் காது விரிசல் விட்டு வெல்டிங் வைத்த வண்டிகளை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம்.

சுமக்கத்தான் வண்டி என்றால் டெல்டாவின் விடை வெகுநாளாக டிவிஎஸ் எக்ஸ்எல்தான். அதற்குக் காரணம் ஷாக் அல்ல, வண்டியின் அமைப்பு. சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் மூட்டை உட்காருகிறது; எடை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வருகிறது. ஸ்பிளெண்டரில் கேரியரில் வைத்த மூட்டை பின் அச்சுக்கும் பின்னால் தொங்கி முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். மூட்டையை சீட்டின் மேல், உங்கள் முதுகோடு ஒட்டி வைத்துக் கட்டினாலே பின் ஷாக்குக்குப் பாதி நிம்மதி.

இதைத் தவிர ஊரில் செய்யும் சில்லறை வைத்தியங்கள் உண்டு. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் வளையமோ பழைய டயர் துண்டோ செருகுவது ஒன்று. அந்தச் சுற்று வேலை செய்யாமல் நின்றுவிடும், மற்றவை கூடுதலாக வளையும், ஓட்டம் குறையும். தற்காலிகமாக ஒரு மூட்டைக்குச் சரி, நிரந்தரமாக வைத்தால் ரப்பருக்கு அடியில் தண்ணீர் தேங்கித் துருவேறும். பழைய ஷாக்கை ரீகண்டிஷன் செய்வது இன்னொன்று. இந்த வண்டிகளின் ஷாக் கழற்றிச் சீல் மாற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. வாயை மடித்து மூடியிருப்பார்கள். அறுத்து, சீல் மாற்றி, கையில் கிடைத்த ஆயிலை ஊற்றி, திரும்ப மூடுகிறார்கள். ஆயில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு அளவு என்பதெல்லாம் கைப்பதம். இரண்டு ஷாக்கும் ஒரே மாதிரி வருவது அதிர்ஷ்டம். வீட்டில் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற மட்டும் முயலாதீர்கள். அதற்கான கருவி இல்லாமல் செய்தால் விரல் போகும், முகத்தில் பாயும்.

எதை வாங்கலாம்? ஹீரோவுக்கு ஷாக் செய்து கொடுப்பதில் முஞ்சால் ஷோவா பழைய கை. பஜாஜுக்கு எண்டூரன்ஸ், டிவிஎஸ்ஸுக்கு ஓசூரில் ஆலை வைத்திருக்கும் கேப்ரியல். டீலரின் ஸ்பேர்ஸ் கவுண்டரில் உங்கள் வண்டியின் மாடலும் வருடமும் சொல்லி ஒரிஜினல் ஜோடி கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் இந்தத் தயாரிப்பாளர்கள் வெளிச் சந்தைக்கு விற்பதில் உங்கள் மாடலுக்கானதைக் கேளுங்கள். கும்பகோணம், தஞ்சாவூர் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் லீக் ஆனாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் போன்ற உயர்ந்த ரகம் நல்ல சாமான்தான். ஆனால் உங்கள் மாடலுக்கென்றே சொல்லப்பட்ட அளவு இருந்தால் மட்டும் யோசியுங்கள். இந்தச் சாலையில், இந்த வேகத்தில், கொடுக்கும் காசுக்குத் தெரியும் வித்தியாசம் குறைவு என்பது என் எண்ணம். அந்தக் காசில் பாதிக்கு நல்ல பின் டயரும், நசுங்கிப்போன சீட்டுக்குப் புது ஸ்பாஞ்சும் போடலாம். இடுப்பு வலிக்கு ஸ்பாஞ்ச் பல சமயம் ஷாக்கைவிட அதிகம் செய்கிறது, யாரும் நம்புவதில்லை.

சட்டம் கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே அளவு ஷாக்கை மாற்றுவது சாதாரணப் பராமரிப்பு. உயரத்தைக் கூட்டுவது, காதை வெட்டி ஒட்டுவது அந்த வரம்பைத் தாண்டலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் கேள்வி கேட்பார்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முந்தின நாளே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மற்றப் பக்கத்து ஷாக் ஸ்விங் ஆர்மைப் பிடித்து நிறுத்தும், துளை நேராகவே இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் சக்கரம் தொங்கிவிடும், பிறகு ஆள் பிடித்துத் தூக்க வேண்டும். பல வண்டிகளில் சாரி கார்டும் பின் கைப்பிடியும் ஷாக்கின் மேல் நட்டிலேயே சேர்ந்து மாட்டியிருக்கும், எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று கழற்றும்போதே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் குழாய் கீழே, ராடு மேலே வரும்படி மாட்ட வேண்டும். சாதாரண ஆயில் ஷாக்கைத் தலைகீழாக மாட்டினால் உள்ளே இருக்கும் காற்று பிஸ்டனுக்குப் போய் ஷாக் வேலையே செய்யாது. கீழ் போல்ட்டில் லேசாகக் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை சுத்தியல் தேவைப்படாது.

மாட்டிய பிறகு இரண்டு பேரை உட்காரவைத்து மட்கார்டு, செயின் கவர், சைலன்சர் எதிலும் உரசவில்லை என்று பாருங்கள். செயின் தளர்வையும் அப்போதே பாருங்கள். இன்ஜின் பக்கத்துச் சின்னப் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகம் இறுகும். ஸ்டாண்டில் சரியாக இருக்கும் செயின் ஆள் ஏறியதும் விறைத்துக்கொள்ளலாம். அதனால் மேனுவல் சொல்லும் தளர்வைக் குறைக்காதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நாலு நட்டுகளையும் ஒரு முறை இறுக்குங்கள்.

முன் போர்க்கில் ஆயில் மாற்றி எத்தனை வருடமாகிறது என்றும் மெக்கானிக்கைக் கேளுங்கள். பின்பக்கம் சரியானதும் முன்பக்கத்துக் குலுக்கல் திடீரென்று தெரியத் தொடங்கும். அதைப் பின் ஷாக்கே காரணம் என்று நினைத்துத் திரும்பக் கடைக்குப் போவார்கள். போர்க்கின் சீலும் ஆயிலும் கழற்றி மாற்றக்கூடியவை, செலவும் குறைவு.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று. வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீரை ஷாக்கின் சீல் பக்கம் நேராக அடிக்க விடாதீர்கள், சேறு உள்ளே போகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டி என்றால் உப்புக் காற்றில் ராடின் பளபளப்பு பொரிந்து, அந்தச் சொரசொரப்பே சீலைக் கிழித்துவிடும். அங்கே போய்வந்த வண்டியைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். உங்கள் மன்னார்குடி வண்டிக்கு நடவுச் சேற்றை அன்றன்றைக்கே கழுவினால் போதும்.